ஒரு தட்டுச் சோறும் ஐந்து புத்தகங்களும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டுச் சாவகாசமாகப் படியுங்கள். கடைசியில் பரீட்சை வைக்க மாட்டேன்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். வேறொரு மாவட்டத்தில் அரசு அலுவலராக இருக்கிறான். நலத்திட்டங்களில் பயன்பெறுவோரின் விவரங்களைத் துறைவாரியாக ஒப்பிட்டுச் சரிசெய்யும் வேலை அவனுக்கு. "சார், ஒரே குழந்தைக்கு நாலு துறையில பேர் இருக்குதுங்க. நாலு எடத்துலயும் நாலு வெவரம். எல்லாருக்கும் கடிதம் போட்டு ஆறு மாசம் ஆச்சு. பதிலெல்லாம் ஒழுங்கா வருது, வேலைதான் நகர மாட்டீங்குது. சத்துணவு ஆரம்பிச்சப்ப நீங்க சர்வீஸ்ல இருந்தீங்களே, அன்னிக்கு இத்தனை துறையை எப்படிங்க சார் சேர்த்து ஓட்டுனாங்க?" என்று கேட்டான்.

போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தபோதுதான், இது அவனுக்கு மட்டும் சொல்ல வேண்டிய சங்கதி இல்லை என்று தோன்றியது. நாற்பது வருடத்துக்கு மேலாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்றும் இதற்குள் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கதையை நூறு வருடத்துக்கு முன்னாலிருந்து தொடங்க வேண்டும். 1920-இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக சர் பி. தியாகராயச் செட்டியார் இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டார்கள். தலைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. பிள்ளைகள் வரத் தொடங்கின. வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவியது. ஆனால் தொடக்கக் கல்விக்கு ஒதுக்கிய நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவு செய்யக் கூடாது என்று அன்றைய அரசு சொல்லிவிட்டது. 1925-இல் திட்டம் தடைபட்டது.

இதை நான் வகுப்பில் வெறும் தேதியாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இப்போது யோசித்தால், நம் பையன் கேட்ட கேள்வி அங்கேயே இருக்கிறது. பசித்த பிள்ளை படிக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பசி எந்தக் கணக்குத் தலைப்பில் வரும்? கல்வியா, சுகாதாரமா, தர்மமா? கோப்பில் இதற்குப் பதில் கிடைக்கவில்லை என்றால் அடுப்பு அணைந்துவிடும்.

அடுத்தது காமராஜர் காலம். 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. முதலில் ஊர் மக்கள் தாங்களாகக் கொடுத்ததை வைத்தே நடந்தது. பிறகு அரசும் பங்கு போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்குப் பத்துப் பைசா. அதில் ஆறு அரசுடையது, நாலு உள்ளூருடையது. வருடத்துக்கு 200 நாள். நம் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர் சி. சுப்பிரமணியம் அப்போது கல்வி அமைச்சர். நிதி அமைச்சரும் அவரேதான். பள்ளிக்கூடத்துக்குச் சோறு வேண்டும் என்று கேட்க வேண்டியவரும் காசு கொடுக்க வேண்டியவரும் ஒரே ஆள்! இதை அதிர்ஷ்டம் என்பதா, ஏற்பாடு என்பதா? எதுவானாலும், 1925-இல் வந்த தடை அப்போது வரவில்லை.

நான் 1951-இல் பிறந்தவன். அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவன். எங்கள் பள்ளியில் அப்போது சமையலுக்கென்று தனி ஆள் கிடையாது. வாத்தியார்தான் அரிசி அளப்பார். அறுவடைக்குப் பிறகு ஊரார் கம்போ சோளமோ அரிசியோ கொண்டுவந்து கொட்டுவார்கள். இந்த வருடம் எந்த வீட்டில் கொடுக்கவில்லை, ஏன் கொடுக்கவில்லை என்பது வாத்தியாருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அன்றைக்குத் துறைகளை இணைத்தது ஊர்தான். அதில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் உண்டு. ஊருக்கு எல்லாம் தெரியும் என்பது நல்லது. ஊருக்குப் பிடிக்காதவர் பிள்ளை கடைசியில் உட்கார வேண்டும் என்பது கெட்டது.

மழை பொய்த்தால் ஊர் பங்கு நின்றுவிடும். 1961-இலிருந்து அமெரிக்காவின் கேர் நிறுவனம் பால் பவுடர், எண்ணெய், சோள மாவு என்று அனுப்பியது. என் வயதுக்காரர்களுக்கு அந்த மஞ்சள் மாவின் வாசனை இன்னும் மறந்திருக்காது. 1967-இல் சில இடங்களில் மையச் சமையற்கூடங்கள் வந்தன. ஆனாலும் எல்லாப் பிள்ளைக்கும் எல்லா நாளும் சோறு என்ற நிலை வரவில்லை. நான் ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த எழுபதுகளில், நாற்பது பிள்ளைகள் இருந்தால் யாருக்குப் போடுவது, யாரை விடுவது என்று ஆசிரியரே பொறுக்க வேண்டியிருந்தது. அந்தப் பொறுக்கும் வேலையைப் போல ஒரு பாவப்பட்ட வேலை இல்லை.

1982 ஜூலை 1. திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். சின்ன வயதில் தாம் பட்ட பசியை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். முதலில் கிராமப்புறத்தில் 2 வயது முதல் 9 வயது வரை. செப்டம்பரில் நகர்ப்புறத்துக்கும் வந்தது. 1984-இல் 15 வயது வரை நீண்டது. இதற்குப் பணம் எங்கே என்று பொருளாதாரம் படித்தவர்கள் கேட்டார்கள். ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே நாளில் அடுப்பு மூட்டுவதென்றால் சும்மாவா?

அன்றைக்கு நான் சென்னிமலை ஒன்றியத்தில் ஒரு ஈராசிரியர் பள்ளியின் தலைமை ஆசிரியர். வயது 31. எங்கள் மாவட்டமே கோவையிலிருந்து பிரிந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. பெரியார் மாவட்டம் என்று பெயர், ஈரோடு தலைநகர். 1980-இல் பரம்பரை மணியக்காரர், கர்ணம் பதவிகளை ஒழித்திருந்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் என்ற புதுப் பதவி அப்போதுதான் காலூன்றிக்கொண்டிருந்தது. எந்த வீட்டில் யார் என்று தலைமுறையாக மனதில் வைத்திருந்தவர் போய்விட்டார். புதியவர் கையில் புத்தகம் இருந்தது. வீடுகள் இன்னும் பழகவில்லை. அந்த நேரத்தில்தான் இந்தத் திட்டம் வந்தது.

என் பள்ளிக்கூட வாசலில் அன்றைக்கு எத்தனை துறைகள் வந்து நின்றன என்று பாருங்கள்.

பிள்ளைகளின் வருகைப் பதிவு கல்வித் துறையுடையது. சத்துணவுக்குப் பொறுப்பு சமூக நலத் துறை. சமையல் கொட்டகை போட்டது ஊராட்சி ஒன்றியம், அதாவது ஊரக வளர்ச்சித் துறை. அரிசியும் பருப்பும் எண்ணெயும் நுகர்பொருள் வாணிபக் கழகத்துடையது. பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட வரும் நர்ஸம்மா சுகாதாரத் துறை. எல்லாவற்றுக்கும் மேலே மாவட்ட ஆட்சியர். அவர் வருவாய்த் துறையின் ஆள். 1983 ஜனவரியிலிருந்து முதியோர் உதவித்தொகை வாங்கும் பெரியவர்களுக்கும் மதிய உணவு என்றார்கள். அவர்கள் பட்டியல் தாலுகா அலுவலகத்தில், சோறு சமூக நலத்தில், உட்காரும் இடம் கல்வித் துறையின் வேப்பமரத்தடியில்!

இத்தனையும் எப்படி ஓடியது? இதுதான் பையன் கேட்ட கேள்வி.

அன்றைக்குச் செய்த பெரிய மாற்றம், இரண்டு இடத்தில் பொறுப்பை ஒரே ஆளின் தலையில் வைத்தது. மாவட்டத்தில் ஆட்சியர். அரிசி வரவில்லையா, கொட்டகை சரிந்ததா, ஆள் போடவில்லையா, எதுவானாலும் கேள்வி அவரிடம் வரும். அவர் எந்தத் துறையையும் கூப்பிட்டுக் கேட்கலாம். இதற்கென்றே அவருக்குச் சத்துணவுக்கான நேர்முக உதவியாளர் என்ற பதவியும் உண்டானது. ஒன்றியத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர். கடைசியில், அடுப்படியில், அமைப்பாளர். அவருக்குக் கீழே ஒரு சமையலர், ஒரு உதவியாளர். பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள். விதவைகளுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை. ஆசிரியர் இனி அரிசி அளக்க வேண்டியதில்லை. இன்றைக்கு எத்தனை பிள்ளை என்று காலையில் எண்ணிச் சொன்னால் போதும்.

மேலே ஒரு பதில் சொல்லும் ஆள், கீழே ஒரு பதில் சொல்லும் ஆள். நடுவே இருந்த துறைகள் ஒன்றோடொன்று பேசாவிட்டாலும் இந்த இரண்டு முனையும் இழுத்துப் பிடித்தன. நம் ஊரில் பாவு பிணைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தறியில் பழைய பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு சேர்த்துப் பிணைக்க வேண்டும். நூல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு இழை விட்டுப்போனால் துணி நெடுக ஒரு கோடு ஓடும்.

எங்கள் பள்ளியில் அப்படி ஒரு இழை விட்டுப்போனது. விட்டதில் என் கையும் உண்டு.

நாலாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. ஒன்பது வயது. நன்றாகப் படிக்கும், வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் மூச்சு விடாமல் சொல்லும். அப்பா இல்லை. அம்மா சென்னிமலையில் ஒரு தறிப்பட்டறைக்குத் தார் சுற்றும் கூலிக்குப் போவார். அந்தப் பிள்ளைக்கு ஒரு தம்பி, மூன்று வயது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அக்கா பள்ளிக்கு வரும்போது கூடவே வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பான். எனக்கு அது தெரியும். விரட்டவில்லை. அதையே பெரிய கருணை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் வயதுப் பிள்ளைகளுக்கும் திட்டத்தில் சோறு உண்டு. ஆனால் பள்ளியில் இல்லை, குழந்தைகள் மையத்தில். எங்கள் காட்டு வளவுக்கு மையம் வரவில்லை. இருந்த மையம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். மூன்று வயதுப் பையனைத் தினமும் வாய்க்கால் தாண்டி யார் கொண்டுபோய் விடுவது?

அமைப்பாளரம்மா முதல் வாரமே என்னிடம் கேட்டார். "ஏனுங் சார், அந்தப் பொடியனுக்கும் ஒரு கரண்டி போட்டுடட்டுங்களா?"

தலைக்கு 100 கிராம் அரிசி, 15 கிராம் பருப்பு. காலையில் நான் எண்ணிச் சொல்லும் தலைக்கும் மாலையில் இருப்பில் இருக்கும் அரிசிக்கும் கணக்கு ஒத்துப்போக வேண்டும். தணிக்கைக்கு வந்தால் கையெழுத்து என்னுடையது. "அவன் பேரு நம்ம புத்தகத்துல இல்லைங்கம்மா. கணக்கு இடிக்கும். அது வேற துறை" என்றேன்.

அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

ஏழு மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் அந்தப் பெண் பிள்ளை மயங்கி விழுந்தது. தண்ணீர் தெளித்து உட்கார வைத்தோம். எனக்குக் கோபம். "தினமும் இங்கதான சாப்புடறே, அப்பறம் என்ன மயக்கம்?" என்று அதட்டினேன். பிள்ளை வாயைத் திறக்கவில்லை.

சமையல் உதவியாளராக இருந்த ஆயாதான் பிறகு சொன்னார். "அது தட்டுல பாதியத் தம்பிக்கு ஊட்டிப்போட்டுத்தானுங்க சார் சாப்புடும். தெனமும் அப்படித்தானுங்க. உங்களுக்குத் தெரியும்னுதான் நாங்க நெனச்சோம்."

திட்டம் ஒரு பிள்ளைக்குக் கொடுத்த 100 கிராமில் இரண்டு பிள்ளைகள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். என் கணக்கு மட்டும் ஒரு நாளும் இடிக்கவில்லை.

அன்றிரவே ஒரு அலுவலகத்துக்கு எழுதினேன். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன்; அங்கே இருந்தவர்களும் நல்லவர்கள்தான். மையம் திறப்பது எங்கள் பொறுப்பல்ல, இன்ன இடத்துக்கு எழுதவும் என்று பதில் வந்தது. அந்த இடத்துக்கு எழுதினேன். கட்டடம் இருந்தால் பரிசீலிக்கலாம், கட்டடத்துக்கு இன்னாரைக் கேட்கவும் என்றார்கள். இன்னார் முதல் இடத்தையே காட்டினார். யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாரும் தங்கள் தங்கள் புத்தகப்படி சரியாகத்தான் சொன்னார்கள்.

அப்புறம் ஒரு நாள் ஒன்றியத்திலிருந்து ஒரு அலுவலர் கொட்டகையைப் பார்வையிட வந்தார். மத்தியானம் பன்னிரண்டரை மணி. பிள்ளைகள் சாப்பிட உட்காரும் நேரம். நான் எதுவும் பேசவில்லை. அந்தப் பிள்ளை தட்டை வாங்கிக்கொண்டு திண்ணைக்குப் போவதை மட்டும் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அடுத்த வியாழக்கிழமை, அதே பன்னிரண்டரை மணிக்கு, எல்லாரையும் பள்ளிக்கே வரச் சொன்னார். புத்தகத்தோடு.

வந்தார்கள். சமூக நலத்தின் ஊர்நல அலுவலர், சுகாதார நர்ஸம்மா, கிராம நிர்வாக அலுவலர், அமைப்பாளர், நான். வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சில் ஐந்து புத்தகங்களைத் திறந்து வைத்தோம். நர்ஸம்மாவின் தடுப்பூசிப் புத்தகத்தில் அந்தப் பையன் இருந்தான். கிராம நிர்வாக அலுவலர் கொண்டுவந்த குடும்ப அட்டை விவரத்திலும் இருந்தான். என் வருகைப் பதிவில் இல்லை. சத்துணவுப் பதிவில் இல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து மையத்தின் பதிவிலும் இல்லை. ஊசி போடும்போதும் சர்க்கரைக்குத் தலை எண்ணும்போதும் அரசுக்கு அவனைத் தெரியும். சோறு போடும் நேரத்தில் மட்டும் அவன் பிறக்கவே இல்லை!

அவன் ஒருவன் மட்டுமில்லை. நர்ஸம்மாவின் புத்தகத்தை மற்றதோடு வைத்துப் படித்ததில் எங்கள் வளவில் இப்படி மொத்தம் பதினோரு பிள்ளைகள் தேறினார்கள்.

அரை மணி நேரத்தில் முடிவானது. பதினோரு பேரையும் அந்த மையத்தின் பதிவில் சேர்ப்பது; மையம் இங்கே வரும்வரை அவர்கள் பங்கு அரிசியை எங்கள் பள்ளிக்கு மாற்றி இங்கேயே சமைத்துப் போடுவது. அலுவலர் ஒரு தாளில் நாலு வரி எழுதினார். ஐந்து பேரும் கீழே கையெழுத்துப் போட்டோம். அடுத்த வருடம் எங்கள் வளவுக்கே மையம் வந்தது.

ஏழு மாதக் கடிதம் செய்யாததை அரை மணி நேரம் செய்தது. ஏன்? புதுச் சட்டம் எதுவும் வரவில்லை, கூடுதல் பணமும் வரவில்லை. புத்தகங்கள் ஒரே பெஞ்சில் இருந்தன. அந்தப் பையனும் எதிரே உட்கார்ந்திருந்தான். "அது வேற துறை" என்று அவன் முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை. நான் ஏழு மாதம் முன்பே சொல்லிவிட்டிருந்தேன். அவன் முகத்தைப் பார்க்காமல்.

இது எங்கள் ஊர்க்கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1980-இலேயே உலக வங்கி உதவியோடு மதுரை மாவட்டத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியிருந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை குறைந்த குழந்தைக்கு மட்டும் சத்துணவு என்பது அதன் முறை. இரண்டு வருடத்தில், தேர்ந்தெடுக்காமல் எல்லாருக்கும் போடும் எம்.ஜி.ஆர். திட்டம் வந்தது. ஒரே ஊரில் இரண்டு திட்டம், இரண்டு ஊழியர், இரண்டு விதமான சிந்தனை. எந்த வயது யாருடையது என்று பிரித்துக்கொண்டுதான் இரண்டும் ஓடின. எல்லைக்கோட்டில் நின்ற குழந்தையை யார் பார்த்தார்கள் என்பதே ஒவ்வொரு ஊரிலும் கேள்வி.

நம் ஊர் நெசவாளர்களுக்கு இன்னொரு உதாரணம் தெரியும். 1983-இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம். காசு வருவாய்த் துறையின் கணக்கில். நெய்வது கைத்தறித் துறையின் கீழுள்ள கூட்டுறவுச் சங்கங்கள். துணியைச் சேர்த்துக் கொடுப்பது கோ-ஆப்டெக்ஸ். கைக்குக் கிடைப்பது ரேஷன் கடையில். நெசவாளிக்கு வேலை, ஏழைக்குத் துணி என்று இரண்டு பலன். கண்ணிகள் எல்லாம் நேரத்தோடு கோத்தால் பொங்கலுக்கு முன் சேலை. ஒன்று பிந்தினாலும் பொங்கல் போய்விடும். கூட்டுறவை இந்த ஊரில் வேரூன்ற வைத்த பத்மஸ்ரீ எம்.பி. நாச்சிமுத்து, கோ-ஆப்டெக்ஸின் தலைவராகவும் இருந்தவர். தறியையும் தெரிந்து அலுவலகத்தையும் தெரிந்த அப்படிப்பட்டவர்கள் எவ்வளவு அவசியம் என்று நம் ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இணைப்பு விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு தேதி போதும். 2004 ஜூலை 16, கும்பகோணம். சத்துணவு சமைத்த அடுப்பிலிருந்து கீற்றுக் கூரைக்குத் தீ பரவி 94 பிள்ளைகள் இறந்தார்கள். கட்டடத்துக்கு ஒரு அலுவலகம், பள்ளி அங்கீகாரத்துக்கு ஒரு அலுவலகம், சமையலுக்கு ஒரு அலுவலகம். ஒவ்வொருவருக்கும் பார்க்க ஒரு பகுதி இருந்தது. மேலே கூரை, கீழே அடுப்பு, நடுவில் பிள்ளைகள் என்று சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. அந்தத் தீக்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றினார்கள். அந்த வாரம் நான் எங்கள் பழைய கொட்டகையை நினைத்துக்கொண்டு தூங்கவே இல்லை. 1982-இல் அதுவும் ஓலைதான்.

வெளிநாட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. அமெரிக்காவில் 1946-இல் பள்ளி மதிய உணவுக்குச் சட்டம் வந்தது. அதை நடத்தும் பொறுப்பு யாருக்குப் போனது தெரியுமா? வேளாண் துறைக்கு! விளைந்ததை வாங்கி விவசாயிக்கு விலை கிடைக்கச் செய்வது, பிள்ளைக்குச் சோறு போடுவது, இரண்டும் ஒரே சட்டத்தில். எந்தத் துறையில் வைத்தாலும் மற்ற துறையோடு பேசித்தான் ஆக வேண்டும். நம் சத்துணவும் ஒரே துறையில் இருந்துவிடவில்லை; சமூக நலத்துக்கும் ஊரக வளர்ச்சிக்கும் இடையே கைமாறியிருக்கிறது. அலுவலகத்தில் பெயர்ப்பலகை மாறியபோது அடுப்படியில் அமைப்பாளரம்மா மாறவில்லை. அதனால்தான் சோறு நிற்கவில்லை.

1995 ஆகஸ்ட் 15-இல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பல மாநிலங்கள் சமைக்காமல் மாதம் 3 கிலோ தானியமாகக் கொடுத்தன. 2001 நவம்பர் 28-இல் உச்ச நீதிமன்றம், சமைத்த சோறே போட வேண்டும் என்று உத்தரவிட்டது. அன்றைக்குத் தமிழ்நாட்டில் சமைத்துப் போட்டு 19 வருடம் ஆகியிருந்தது.

2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள். மறு வருடம் ஆகஸ்டில் திருக்குவளையில் தொடங்கி எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. கிராமங்களில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். அதே பள்ளியில் தன் பிள்ளை படிக்கும் தாயாக இருக்க வேண்டும், கையில் ஸ்மார்ட்போன் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். சமைத்ததும் செயலியில் பதிவேற்ற வேண்டும். செயலியால் மேலே இருப்பவருக்கு எண்ணிக்கை போகும். ஆனால் அந்த விதியில் எனக்குப் பிடித்தது முதல் பாதிதான். சோறு ஆக்குபவளின் பிள்ளையும் அதே வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

1956-இல் ஊர். 1982-இல் ஆட்சியரும் அமைப்பாளரும். 2022-இல் தாய். பெயர்கள் மாறின. ஒவ்வொரு முறையும் வேலை நடந்தது, "இந்தத் தட்டுக்கு யார் பதில் சொல்வது?" என்ற கேள்விக்கு ஒரே ஒரு பெயர் இருந்ததால்தான்.

ஆகவே, தம்பி, உனக்கு என் பதில் இது. நாலு கடிதம் எழுதுவதை நிறுத்து. நாலு பேரையும் மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் புத்தகத்தோடு வரச் சொல். கணினி என்றால் கணினியோடு. எந்தப் பிள்ளையின் பெயர் ஒத்துப்போகவில்லையோ அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வை. எழுந்து போகும் முன் ஒரு தாளில் ஒருவர் பெயரை எழுதி வாங்கு. துறையின் பெயர் வேண்டாம், ஆளின் பெயர். இரண்டு இடத்தில் பெயர் இருக்கும் பிள்ளையைக் கண்டுபிடித்து நீக்குவதில் காட்டும் அக்கறையை, ஓரிடத்திலும் பெயர் இல்லாத பிள்ளையைத் தேடுவதிலும் காட்டு. முதலாவது தவறினால் அரசுக்கு நூறு கிராம் அரிசி நட்டம். இரண்டாவது தவறினால் என்ன நட்டம் என்று எனக்குத் தெரியும்.

இதை எழுதும் முன் அந்தப் பெண் பிள்ளையிடம் போனில் அனுமதி கேட்டேன். பிள்ளை என்கிறேன், இப்போது பேரன் எடுத்துவிட்டார். "எழுதுங்க சார், பேர மட்டும் போட்டுடாதீங்க" என்றார். அன்றைக்கு அதட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது நினைவே இல்லையாம். எனக்காகச் சொன்னாரோ என்னவோ. வேறொன்று நினைவிருக்கிறது என்றார். 1989-இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை போட ஆரம்பித்தார்களே, அதைத் தம்பி வந்து சொன்னானாம். "நான் அதுக்குள்ள பள்ளிக்கூடத்த உட்டுட்டுத் தறிக்குப் போயிட்டனுங்க சார். தம்பி அவன் முட்டையில பாதிய எனக்குக் கொண்டாந்து குடுத்தானுங்க" என்றார்.

அந்தப் பாதி முட்டையும் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

படித்தவர்கள் உங்கள் பள்ளியின் சத்துணவு நினைவுகளைக் கீழே எழுதுங்கள். உங்கள் அமைப்பாளரம்மாவோ ஆயாவோ இருந்தால் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நம்மில் பலர் அவர்கள் கை அளவில் வளர்ந்தவர்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
சென்னிமலை.